தீர்மானத்தில் விடுபடும் ஆறு: கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

“பெற்றோர் அனைவரும் தத்தம் பிள்ளைகளின் பாதுகாப்பை உறுதி செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” இத்தகைய தொடரைத் தாங்கிய சுற்றறிக்கையைப் பெறாத பெற்றோர் நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் அரியர். தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பணிவும் இருக்கிறது. ஆயினும் இதைப் படித்து முடித்த தாய் ஒருத்தி, மறுநாள் காலையில் தான் செய்யவேண்டியது யாது என்று தேடினால் விடை கிடைக்காது. கேட்பவர் யார், எவ்விடத்தில் என்ன இடர் உள்ளது, எப்பொழுது எதைச் செய்ய வேண்டும் என்னும் வினாக்கள் அனைத்தும் விடையின்றி நிற்கின்றன.

இது நடையழகு பற்றிய குறை அன்று. பிள்ளைகளின் உடலுக்கும் உயிருக்கும் ஏற்படும் இடர்களைப் பற்றிப் பேசும்பொழுது சொல் தெளிவற்றிருந்தால் செயலும் தெளிவற்றதாகிவிடும். கெடா மாநிலத்துத் தோட்டங்களையும் நகர்களையும் களமாகக் கொண்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்னும் அமைப்பு பாதுகாப்புச் சிக்கல்களை எவ்வாறு சொல்லாக்குகிறது, அச்சொல் எங்கே தளர்கிறது, அதனை எவ்வாறு சீர்செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சங்கத்தின் நிலையும் எல்லையும்

மலேசியாவில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்பது விரும்பினால் அமைத்துக்கொள்ளும் மன்றம் அன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழி, 1998ஆம் ஆண்டில் வெளியான ஒழுங்குமுறைகளின்படி அமைந்த சட்டபூர்வ அமைப்பு அது. பெற்றோர், ஆசிரியர் ஆகிய இருசாராரும் அதன் உறுப்பினர். தலைமையாசிரியர் ஆலோசகராக இருப்பார். ஆண்டுப் பொதுக்கூட்டம் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. பள்ளியின் நிருவாகத்திலோ ஆசிரியர்தம் தொழில்சார் கடமைகளிலோ சங்கம் தலையிடுதல் ஆகாது. பிள்ளைகளின் நலன் குறித்துப் பள்ளிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இடையே பாலமாக நிற்பதே அதன் தலையாய பணி.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சங்கத்திற்குச் சாலையைச் செப்பனிடும் அதிகாரம் இல்லை. வடிகாலுக்கு மூடி போடும் அதிகாரம் இல்லை. வேகத்தடை அமைக்கும் அதிகாரமும் இல்லை. அதன் கையில் உள்ள கருவி சொல் ஒன்றே. கூட்டத்தில் பேசப்படும் சொல், கூட்டக் குறிப்பில் எழுதப்படும் சொல், அதிகாரிகளுக்கு அனுப்பப்படும் கடிதச் சொல், பெற்றோரின் கைப்பேசியில் புலனக் குழுவின் வழியே சென்றுசேரும் சொல் ஆகிய நான்கு வடிவங்களில் அக்கருவி இயங்குகிறது. ஆதலின், சங்கத்தின் சொல் மழுங்கினால் சங்கமே மழுங்கும்.

தோட்டம் தன்னைக் காத்துக்கொண்ட காலம்

இன்றைய சிக்கலை உணர முந்தைய நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்துவதைக் கடமையாக்கியது. கெடா அக்கூட்டமைப்பைச் சேர்ந்ததன்று. எனினும், பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ், குவாலா கெட்டில் வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டியே தமிழ்ப்பள்ளிகள் பெருகின. இன்றும் நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் ஏறத்தாழ 60 கெடாவில் உள்ளன. அவற்றுள் பல, பெயரில் இன்னமும் தோட்டத்தையே சுமந்து நிற்கின்றன.

அன்றைய தோட்டத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கெனத் தனிக்குழு எதுவும் இருந்ததில்லை. இருக்கவேண்டிய தேவையும் எழவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச்செல்வாள். பள்ளிக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் பால்மரம் சீவுவோர் நடமாடிக்கொண்டிருப்பர். லயத்துத் திண்ணையில் முதியோர் அமர்ந்திருப்பர். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரரும் மதுரை வீரனும் காவலுக்கு நின்றனர். அத்தெய்வங்கள் நின்ற இடங்கள் பெரும்பாலும் பாதை திரும்பும் முனையாகவோ காடு தொடங்கும் விளிம்பாகவோ இருந்தன. ‘காவல்’ என்னும் சொல் ஓர் இடத்தோடும் ஓர் ஆளோடும் பிணைந்திருந்த காலம் அது.

அக்காலத்தைப் பொற்காலம் என்று கூறிவிடவும் இயலாது. தோட்டத்தின் உள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. மாலையில் வீட்டுக்குள் நுழைந்த வெறியால் அடிபட்டோர் பெண்டிரும் பிள்ளைகளுமே. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் ‘தொண்டர் படை’ எழுந்தது இந்தக் கொடுமையை எதிர்த்தே. சீருடை அணிந்து, ஒழுங்காகப் பயிற்சி செய்து, கள்ளுண்ணாமையை வலியுறுத்திய அவ்வியக்கம் அண்டைத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947இன் தொடக்கத்தில் கள்ளுக்கடைகளின் முன் மறியல்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு மார்ச்சில் பீடோங்கிலும் ஏப்ரலில் டப்ளின் தோட்டத்திலும் காவல்துறையினருக்கும் தொழிலாளருக்கும் மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின.

தொண்டர் படை பெற்றோர் சங்கம் அன்று. அரசியலும் தொழிற்சங்க உணர்வும் கலந்த இயக்கம் அது. எனினும், கெடாத் தோட்டத் தமிழர் தம் குடும்பங்களைக் காக்கத் தாமே அமைப்பாகத் திரண்ட முன்நிகழ்வு என்ற முறையில் அதிலிருந்து நாம் ஒன்று கற்கலாம். ‘ஒழுக்கம் பேணப்பட வேண்டும்’ என்று பொதுப்படச் சொல்லி அவர்கள் அமையவில்லை. இந்தக் கடை மூடப்பட வேண்டும் என்று இடத்தைச் சுட்டினர். நாங்கள் குடியோம் என்று செய்வோரைச் சுட்டினர். எழுதப்படிக்க அறியாதோரும் அதில் தமக்குரிய பங்கு எது என்பதை ஐயமின்றி உணர்ந்தனர்.

கலைந்த தோட்டம், எஞ்சிய பள்ளி

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெருந்தோட்டங்கள் சிறுசிறு பகுதிகளாக விற்கப்பட, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அதைத் தடுக்கும் முயற்சியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்தார் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ஆயினும் பின்னர் ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. கூலிம், சுங்கை பட்டாணிப் பகுதிகளில் தொழிற்பேட்டைகளும் தாமான்களும் பரவின. லயங்கள் வெறுமையாயின. குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்தன. சில பள்ளிகள் நகருக்கு இடம் மாறின; சில, மக்கள் நீங்கிய தோட்டத்தின் நடுவே எஞ்சி நின்றன.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதைப் பொருளாதார மாற்றம் என்று மட்டுமே பலர் கருதுகின்றனர். பிள்ளைகளின் பாதுகாப்பு நோக்கில் அது வேறொரு மாற்றமும் ஆகும். ரப்பர்க் காட்டில் காலைதோறும் ஆள் நடமாட்டம் இருந்தது. வரிசையாக நிற்கும் மெல்லிய மரங்களுக்கிடையே தொலைவுவரை பார்வை சென்றது. செம்பனையில் குலை வெட்டும் சுற்று ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையே ஒரு பகுதிக்கு வரும். இடைப்பட்ட நாள்களில் அங்கு ஆளரவம் குறைவு. இளஞ்செம்பனையின் தாழ்ந்த மட்டைகள் பாதையையே மறைக்கும். ஆக, பள்ளிக்குச் செல்லும் பாதை அதே பாதைதான். அதனைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இல்லை. அக்கண்களின் பணியை இன்று சங்கத்தின் தாள் ஏற்கவேண்டியுள்ளது.

கெடாவுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. இம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது. சுங்கை பட்டாணி, கூலிம் வாழ் பெற்றோருள் பலர் பினாங்குத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். அங்கு விடுமுறை சனியும் ஞாயிறும். எனவே வெள்ளிக்கிழமையன்று பிள்ளை வீட்டில், பெற்றோர் வேலையில் என்னும் நிலை பல குடும்பங்களில் உண்டு. போதிய மேற்பார்வையின்றிச் சிறுவரைத் தனியே விட்டுச்செல்வது 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். சட்டத்தைச் சுட்டி அச்சுறுத்துவதால் பயனில்லை. வெள்ளிக்கிழமைகளில் யார் வீட்டில் எந்தப் பிள்ளைகள் இருப்பர் என்று அண்டைவீட்டார் தம்முள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் சங்கம் செய்துகொடுத்தல் பயன்தரும்.

நன்னூலார் தந்த ஆறு

இனி மொழிக்கு வருவோம். வினைச்சொல்லின் இயல்பை விளக்கும்பொழுது நன்னூல் ஆறு கூறுகளைச் சுட்டுகிறது: வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள். ‘வனைந்தான்’ என்றால் குயவன், தண்டசக்கரம், பணிக்கூடம், வனைதல், இறந்த காலம், குடம் என்னும் ஆறும் அதனுள் அடங்கும் என்று உரையாசிரியர் விளக்குவர். தொல்காப்பியர் இன்னும் இரண்டைக் கூட்டி எட்டாக்குவார்: இன்னார்க்கு என்பதும், இதன் பயன் யாது என்பதும். மாணவர் தேர்வுக்காக மனனம் செய்யும் இந்த ஆறும், கூட்டத் தீர்மானங்களைச் சோதிக்கும் உரைகல்லாக நமக்குப் பயன்படும்.

“பள்ளி முன் ஏற்படும் நெரிசலுக்குத் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்” என்பது ஒரு தீர்மானம் எனக் கொள்வோம். செயப்பாட்டு வினை வந்ததும் வினைமுதல் மறைந்துவிட்டது. எடுப்பவர் யார் என்பது தெரியவில்லை. ‘தக்க நடவடிக்கை’ என்றதும் தொழில் மறைந்துவிட்டது. ‘எடுக்கப்படும்’ என்னும் எதிர்காலத்துக்கு நாளும் இல்லை, கெடுவும் இல்லை. கருவி பற்றிய பேச்சே இல்லை. ஆறனுள் எஞ்சியவை இடமும் நெரிசல் என்னும் பொருளும் மட்டுமே. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதே தீர்மானம் மீண்டும் வரும் என்று இப்பொழுதே கூறிவிடலாம்.

அதையே ஆறும் நிரம்ப எழுதிப் பார்ப்போம். “வரும் ஞாயிறு முதல், பள்ளி நாள்களில் பிற்பகல் 12.45 முதல் 1.30 வரை, முன்வாயிலில் பள்ளி வேன்கள் மட்டும் நிற்கும். காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும் பெற்றோர் கோயில் திடலில் வண்டியை நிறுத்தி, நடந்து வந்து பிள்ளையை அழைத்துச் செல்வர். செயற்குழுவினர் இருவர், ஒளிரும் மேலங்கி அணிந்து, கூம்புகளை வைத்து வாயிலில் நிற்பர். இவ்வார முறைக்கு உரியோர் பெயர் கீழே உள்ளது.” இதில் அலங்காரம் இல்லை, சற்று நீளமும் கூடிவிட்டது. ஆனால் இதைப் படித்தவர் எவரும் ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கமாட்டார். செய்யத் தவறியவரை அடுத்த கூட்டத்தில் கேட்கவும் முடியும்.

செயப்பாட்டு வினை தீயது என்று நாம் கூறவில்லை. வினைமுதல் தெரியாத இடத்திலும், சொல்லத் தேவையில்லாத இடத்திலும் அதற்கு இடமுண்டு. பொறுப்பை ஏற்கவேண்டியவரின் பெயரை மறைக்கும் திரையாக அது அமையும்பொழுதுதான் இடர் தோன்றுகிறது.

ஒரு வடிகாலும் மூன்று சொற்களும்

நாம் பணி ஓய்வு பெற்றபின், கெடாவின் தோட்டப் பள்ளி ஒன்றின் பொதுக்கூட்டத்திற்கு ஒருமுறை அழைக்கப்பட்டிருந்தோம். நிகழ்ச்சி நிரலின் இறுதியில் ‘பிற விவகாரங்கள்’ வந்தபொழுது, பின்வரிசையில் பேரனோடு அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, வேன் நிக்கிற எடத்துல லோங்காங் தொறந்தே கெடக்கு. மழ பேஞ்சா ரோடு எது, லோங்காங் எதுன்னு தெரியல. புள்ளைங்க எறங்குற எடம் அது. போன வருசமும் சொன்னேங்க” என்றார். அவை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. அவர் சொன்னது உண்மை. முந்தைய ஆண்டுக் குறிப்பில் “வடிகால் பிரச்சினை குறித்துக் கடிதம் அனுப்பப்பட்டது” என்று இருந்தது.

கூட்டம் முடிந்தபின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பாட்டி ‘லோங்காங்’ என்றார். செயலாளர் நல்ல தமிழில் ‘வடிகால்’ என்று குறித்துக்கொண்டார். மலாய்மொழிக் கடிதம் எழுதியவர் அவ்வடிகாலைப் ‘பாரிட்’ என்று பெயர்த்தார். லோங்காங் என்பது பெரும்பாலும் சாலையோரத்தில் சிமெண்டு பூசிக் கட்டிய கால்வாய். பாரிட் என்பது தோட்டத்தினுள் மண்ணில் வெட்டிய நீர்வழி. கடிதம் பெற்ற அலுவலகம், தோட்ட நிலத்திலுள்ள பாரிட்டைப் பராமரிப்பது தனது பொறுப்பன்று என்று மறுமொழி எழுதிவிட்டது. மூவரில் எவரும் தவறிழைக்க எண்ணவில்லை. சொல் இருமுறை மாறியதால் இடம் மாறிவிட்டது. இடம் மாறியதால் பொறுப்பு மாறிவிட்டது. இதற்கிடையே மழைநாள் ஒன்றில் முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள்.

அன்று நாம் கூறிய யோசனை எளியது. முறையிட்டவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் எழுத்துத் தமிழில் விளக்குங்கள். மலாய்க் கடிதத்திலும் அதே சொல்லை இடுங்கள். ஒரு படமும் சேர்த்து, வாயிலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். புதிய கடிதம் சென்ற சில மாதங்களில் இரும்புக் கம்பி மூடி வந்துசேர்ந்தது. தூய தமிழின்மீது நமக்குப் பற்று உண்டு. வாழ்நாளெல்லாம் அதற்காக உழைத்துள்ளோம். எனினும் முறையீட்டுக் குறிப்பில் முதலிடம், இடரைக் கண்ணால் கண்டவரின் சொல்லுக்கே உரியது.

இடப்பெயர்களுக்கும் இது பொருந்தும். மூன்றாங்கட்டை, மேட்டு லயம், பழைய ஆயாக்கொட்டகை முனை என்பன போன்ற பெயர்கள் தோட்டத்தாரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அரசாங்க வரைபடத்தில் அவை இல்லை. ‘மூன்றாங்கட்டை வளைவில் லோரி வேகமாக வருகிறது’ என்று பெற்றோர் கூறினால் அனைவரும் உணர்வர்; அதிகாரிக்கு அது புலப்படாது. இவ்விருவகைப் பெயர்களையும் இணைத்து ஒரு வரைபடம் வரைவது மாணவர்க்கு நல்ல ஆய்வுப் பணியாகும். மொழியாவணமும் கிடைக்கும்; பாதுகாப்புக் கருவியும் கிடைக்கும்.

நிலம் யாருடையது என்பதையும் அவ்வரைபடத்தில் குறித்தல் வேண்டும். முழு உதவி பெறும் பள்ளியின் நிலம் அரசாங்கத்துடையது. பகுதி உதவி பெறும் பள்ளிகள் பல, தோட்ட நிறுவனத்தின் நிலத்திலோ வாரியத்தின் நிலத்திலோ உள்ளன. வேலி சரிந்தால் எவருக்கு எழுதுவது என்பது இதைப் பொறுத்தது. பள்ளி முன் செல்வது கூட்டரசு, மாநிலச் சாலையாயின் பொதுப்பணித் துறை, நகரத்துச் சாலையாயின் நகராண்மைக் கழகம், தோட்டத்துத் தனியார் பாதையாயின் தோட்ட நிருவாகம் எனப் பொறுப்புப் பிரியும். வினைமுதல் யார் என்பதை இலக்கணம் மட்டுமன்று, நிலப்பட்டாவும் தீர்மானிக்கிறது.

‘மாமா வருவார்’

தமிழில் உறவுச்சொற்கள் அன்பின் அடையாளம். அறிமுகமற்ற ஆடவரையும் ‘மாமா’, ‘அண்ணன்’ என்று விளிப்பது நம் பண்பாடு. மாமா என்பவர் தாயின் உடன்பிறந்தவராகலாம், அத்தையின் கணவராகலாம், எதிர்வீட்டுக்காரராகலாம், வேன் ஓட்டுநராகவும் ஆகலாம். ‘இன்று மாமா வந்து அழைத்துச்செல்வார்’ என்று தாய் புலனத்தில் ஒரு வரி அனுப்ப, ஆசிரியரும் அதனை ஏற்றுப் பிள்ளையை அனுப்பினால், அங்கே வினைமுதல் வெறும் உறவுச்சொல்லாக மட்டுமே நிற்கிறது. எந்த மாமா?

ஆகவே பிள்ளையை அழைத்துச்செல்ல உரிமையுடையோர் பட்டியலில் உறவோடு முழுப்பெயரும், தொலைபேசி எண்ணும், நிழற்படமும் இருத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் வந்தால், அவர் எத்துணை நெருங்கிய உறவினர் ஆயினும், தாய் தந்தையோடு பேசி உறுதிசெய்த பின்னரே பிள்ளையை அனுப்புதல் வேண்டும். இதை அவமதிப்பாகக் கொள்ளும் உறவினர் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு முன்கூட்டியே விளக்குவது ஆசிரியரைக் காட்டிலும் சங்கத்திற்கே எளிது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றைத் தயக்கத்தோடேனும் கூறியாக வேண்டும். உடலுறுப்புகளின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை நம் வீடுகள் கூச்சத்தால் தவிர்க்கின்றன. சொல் இல்லாத பிள்ளை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் வழியின்றி நிற்கிறது. சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் புகார் செய்யாதிருப்பதும் குற்றமே. ‘தாலியான் காசே’ எனப்படும் 15999 என்னும் உதவி எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதுவதோடு, ‘யாராவது தொட்டு, இதைச் சொல்லாதே என்றால், அதைக் கட்டாயம் சொல்’ என்னும் தெளிவான தொடரைத் தமிழில் பிள்ளைகளுக்குப் பயிற்றுதல் வேண்டும்.

நீர், புகை, நாய்

கெடா அண்மையில் கண்ட சில இடர்களையும் இந்த ஆறு கூறுகளால் நோக்கலாம். 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையில் பெய்த பெருமழையால் யான், மெர்போக் பகுதிகளில் திடீர்ப் பெருவெள்ளம் பாய்ந்தது. 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியும் அவ்வாறே தாக்குண்டது. இரண்டிலும் உயிரிழப்பு நேர்ந்தது. மலாயில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். இதன் இயல்பு யாதெனில், மழை மலைமேல் பெய்யும். கீழே ஆற்றில் குளிப்போர் தலைக்குமேல் வெயில் காயும். நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை முன்னறிகுறிகள். ‘ஆற்றோரங்களில் கவனமாக இருக்கவும்’ என்னும் அறிவிப்பு இவற்றுள் ஒன்றையும் கற்பிக்காது. ‘நீர் கலங்கினால் பொருளை எடுக்க நில்லாதே, உடனே கரையேறி மேட்டுக்கு ஓடு’ என்பது கற்பிக்கும்.

2018இன் தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்ததும், அக்கழிவில் கணிசமான பங்கு மலேசியாவுக்குத் திரும்பியது. சுங்கை பட்டாணியில் உரிமமற்ற ஆலைகள் கழிவை எரிப்பதாகக் குடியிருப்பாளர் முறையிட்டனர். புகை பற்றிய முறையீட்டில் காலமே உயிர்நாடி. ‘அடிக்கடி நாற்றம் வருகிறது’ என்பதைவிட, எந்நாள், எம்மணிக்கு, காற்று எத்திசையிலிருந்து வீசியபொழுது, எத்தனை பிள்ளைகள் இருமினர் என்று பள்ளி நாட்குறிப்பில் தொடர்ந்து எழுதிவருதல் வலுவான சான்றாகும்.

2015இல் கெடா உள்ளிட்ட வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. ‘நாய்களிடமிருந்து விலகி இருங்கள்’ என்பதோடு நில்லாமல், கடிபட்டால் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்று கருவியும் காலமும் சேர்த்து எழுதினால் அது உயிர்காக்கும் தொடராகும்.

நிறைவாக

ஆசிரியர்கள் தம் பள்ளியின் கடந்த ஆண்டுக் கூட்டக் குறிப்பை எடுத்து, அதிலுள்ள பாதுகாப்புத் தீர்மானங்களை உயர்நிலை மாணவரிடம் இலக்கணப் பயிற்சியாகத் தரலாம். ஒவ்வொரு தீர்மானத்திலும் வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறனுள் எவை உள, எவை இல என்று அவர்கள் குறித்துத் தரட்டும். விடுபட்டவற்றைச் சங்கம் நிரப்பட்டும். இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிவதில்லை என்பதை அம்மாணவர் அன்று உணர்வர்.

பின்வரிசையில் எழுந்த அந்தப் பாட்டி, பள்ளிக்கூடத்தில் மூன்றாண்டுகூடப் படித்ததில்லை என்று பின்னர் நம்மிடம் கூறினார். நன்னூலின் பெயரையும் அவர் கேட்டிருக்கவில்லை. எனினும் அவர் கூறிய நான்கு தொடர்களில் இடம் இருந்தது, காலம் இருந்தது, இடர் எது, யாருக்கு என்பதும் இருந்தது. சென்ற ஆண்டும் சொன்னேன் என்னும் கணக்கும் இருந்தது. இல்லாதது வினைமுதல் ஒன்றே. அதனை நிரப்பவேண்டியவர்கள் அவையில் அமர்ந்திருந்த நாம்.